குஸ்கோ போறீங்களா, மொத ரெண்டு நாள் சும்மா இருங்க

பெரு போற நம்மாளுங்கள்ல முக்காவாசிப் பேரு குஸ்கோவ ஒரு ஜங்ஷன் மாதிரிதான் நெனைக்கிறாங்க, ஸ்பானியர்ங்க வர்றதுக்கு முந்தி அங்க ஆண்ட இன்காங்களோட பழைய மலை நகரமான மாச்சு பிச்சு போற வழில ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலைல ரயில் ஏறிடலாம்னு. நானும் அப்படித்தான் பிளான் போட்டேன். காலைல லிமால பிளைட் ஏறி ஒன்றரை மணி நேரத்துல குஸ்கோல எறங்கியாச்சு, மத்தியானம் நல்லா ஒரு புடி புடிச்சிட்டு, சாயங்காலம் சான் பிளாஸ் பக்கம் மேல இருந்து ஊரப் பாக்கலாம்னு கல்படி ஏற ஆரம்பிச்சேன். ஒரு நாப்பது படி கூட ஏறியிருக்க மாட்டேன், காதுக்குள்ள நெஞ்சு அடிக்குற சத்தம் கேக்குது, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது, அப்படியே படில உக்காந்துட்டேன். அப்ப முதுகுல ஒரு பெரிய துணிமூட்டையக் கட்டிக்கிட்டு ஒரு பாட்டி, எங்க அம்மாவவிட வயசு கூட இருக்கும், என்னைத் தாண்டி விறுவிறுன்னு ஏறிப் போச்சு. போற போக்குல திரும்பிப் பாத்து "தெஸ்பாசித்தோ, பாப்பாய்"னு சொல்லிட்டுப் போச்சு. மெதுவாப்பா, மெதுவான்னு அர்த்தம். இந்தப் பதிவுல நான் சொல்லப்போறது எல்லாமே கிட்டத்தட்ட அந்தப் பாட்டி சொன்னதுதான்.

கணக்கு இதுதான். நம்ம ஊட்டி 2,240 மீட்டர். குஸ்கோ சுமாரா 3,400 மீட்டர். லிமா கடலோரத்துல இருக்கு. அதாவது ஊட்டியையும் தாண்டி இன்னும் ஆயிரத்து நூறு மீட்டருக்கு மேல இருக்கற ஒசரத்த ஒரே காலைல ஒடம்பு தாண்டி வந்திருக்கு, அதுக்கு கோவம் வராம என்ன பண்ணும். இந்தத் தலவலி, குமட்டல், தூக்கம் வராம பொரள்றது எல்லாத்துக்கும் அங்க ஒரே பேரு, சோரோச்சே. ஜிம்முக்குப் போறவன், மாரத்தான் ஓடுறவன்லாம் தனக்கு வராதுன்னு நெனைக்கிறான், அது அப்படியெல்லாம் ஆள் பாக்காது.

இதுக்கு நல்ல வழி என்னன்னா குஸ்கோ ஏர்போர்ட்ல எறங்கின கையோட ஊருக்குள்ள போகாம நேரா கீழ எறங்கி சேக்ரட் வேலிங்கற பள்ளத்தாக்குக்குப் போயிடுங்க. உருபாம்பா, ஒயாந்தைதாம்போ இந்த ஊர்லாம் 2,800 மீட்டர் பக்கத்துல இருக்கு, குஸ்கோவவிட அறுநூறு மீட்டர் கீழ, அந்த வித்தியாசம் மொத ராத்திரி தூக்கத்துல தெரியும். அங்க ரெண்டு நாள், அப்புறம் மாச்சு பிச்சு, அது இன்னும் கீழ 2,430 மீட்டர்தான், பலபேருக்கு இது தெரியறதில்ல. கடைசில குஸ்கோவுக்கு ஏறி வந்து நிதானமா மூணு நாள். இந்த ஆர்டர்ல போனா ஒடம்பும் பழகியிருக்கும், ஊரையும் ரசிக்கலாம். ரெண்டாவது நாளே ரெயின்போ மவுண்டன் டூர் புக் பண்றவங்களப் பாத்தாதான் எனக்குப் பாவமா இருக்கும், அது 5,000 மீட்டருக்கு மேல, பாதிப் பேரு மேல போய் போட்டோவுல வாந்தி எடுக்காத மாதிரி நிக்கிறதுக்கே கஷ்டப்படுவாங்க.

நேரா குஸ்கோலதான் தங்கணும்னா மொத நாள் ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி குடிங்க, ராத்திரி சூப்பு மாதிரி லேசா சாப்புடுங்க, பிஸ்கோ சவர்னு அங்க குடிக்கிற சரக்குலாம் மூணாவது நாளுக்குத் தள்ளி வைங்க. இந்த ஒசரக் கோளாறுக்குன்னு இருக்கற டையமாக்ஸ் மாத்திரை கெளம்புறதுக்கு முந்தியே டாக்டரக் கேட்டு வாங்கிக்கலாம், சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க கண்டிப்பா அத டாக்டர்கிட்ட சொல்லணும். கோக்கா இலை டீ எல்லா ஹோட்டல்லயும் வரவேற்பறையிலயே வச்சிருப்பாங்க, அங்க அது சட்டப்படி சரி, கிட்டத்தட்ட நம்ம சுக்குக் காப்பி மாதிரி. ஆனா ஆபீஸ்ல போதைமருந்து டெஸ்ட் எடுக்கிற வேலைல இருக்கறவங்க தொடாதீங்க, ஒரு கப் குடிச்சாக்கூட டெஸ்ட்ல காட்டிக்குடுத்துடும். பெரும்பாலான தங்கற எடத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, நடக்கறப்ப தள்ளாடுது, பேச்சு கொழறுதுன்னா அது டீ குடிச்சு சரியாகுற விஷயம் இல்ல, ஒடனே ஆஸ்பத்திரி, ஒடனே கீழ எறங்கணும்.

அந்தப் பாட்டி என்னைய "பாப்பாய்"னு சொன்னுச்சு பாருங்க, அது அந்த மலைக்காரங்களோட பழைய மொழியான கெச்சுவால வர்ற வார்த்தை, நேரா அர்த்தம் பாத்தா "என் அப்பா". பொண்ணுங்கள "மாமாய்"னு கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல பாட்டிங்க சின்னப்பயல "என்ன பெத்த ராசா, எங்க ஐயா"ன்னு கூப்பிடுற அதே பாசம்தான், இத மொதல்ல கேட்டப்ப எனக்கு திருநெல்வேலில நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதனால மரியாதை விஷயத்துல நமக்கு அங்க ரொம்ப ஈஸி, நம்மகிட்ட இருக்கற நீ, நீங்க வித்தியாசம் ஸ்பானிஷ்லயும் இருக்கு, து, உஸ்தெத். பெரியவங்க, கடைக்காரங்க, போலீஸ் யாரா இருந்தாலும் உஸ்தெத்தான். டாக்ஸி டிரைவர "மாயெஸ்த்ரோ"ன்னு கூப்பிட்டா சந்தோஷப்படுவாரு, நம்ம "அண்ணே" மாதிரி. ஓட்டல்ல சப்ளை பண்ற பையன் "ஹோவென்", பொண்ணு "செஞோரித்தா". கைய சொடுக்கிக் கூப்பிடுறது, "ஹலோ ஹலோ"ன்னு கத்துறதுலாம் வேணாம்.

எதுக்கு முன்னாடியும் வணக்கம் சொல்லணும், இதுதான் நம்மாளுங்க தவறவிடுற முக்கியமான விஷயம். கடைக்குள்ள போயி நேரா "இது எவ்ளோ"ன்னு ஆரம்பிச்சா அந்தம்மா மூஞ்சி அப்படியே மூடிக்கும். "புவெனோஸ் தியாஸ்", மத்தியானத்துக்கு மேல "புவெனாஸ் தார்தெஸ்", அப்புறம்தான் வெல. சின்ன சாப்பாட்டுக் கடைல சாப்புட்டு எழுந்து போறப்ப பக்கத்து மேசைக்காரங்களப் பாத்து "ப்ரோவேச்சோ"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாங்க, நல்லா சாப்புடுங்கன்னு. முன்பின் தெரியாதவங்களுக்கும் சொல்லுவாங்க. நானும் ரெண்டாவது நாள்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சேன், மொத தடவை சொன்னப்ப ஒரு தாத்தா வாய் நெறைய சோத்தோட "கிராசியாஸ்"னு கைய தூக்குனாரு. கெச்சுவால நன்றி சொல்லணும்னா "சுல்பாய்கி". மார்க்கெட்ல இத சொல்லிப் பாருங்க, வெல கொறையுதோ இல்லயோ சிரிப்பு நிச்சயம்.

மார்க்கெட்னு சொன்னதும் சான் பெத்ரோ மார்க்கெட் பத்தி கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆகணும். காலைல எட்டு மணிக்குப் போங்க. உள்ள ஜூஸ் போடுற அம்மாங்க வரிசையா ஒசரமான மேடைல உக்காந்து எல்லாரும் ஒரே நேரத்துல உங்களக் கூப்பிடுவாங்க, அதுல யாராவது ஒருத்தங்ககிட்ட மட்டும் உக்காருங்க, மறுநாளும் அதே கடைக்கே போங்க. ஏன்னா அங்க "காசேரா"ன்னு ஒரு ஒறவு இருக்கு. வாடிக்கையா வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் ரெண்டு பக்கமும் அப்படித்தான் கூப்பிட்டுக்குவாங்க, ஆம்பளையா இருந்தா காசேரோ. நான் ரெண்டாவது நாள் போனப்பவே அந்தம்மா "காசெரித்தோ"ன்னு கூப்பிட்டு பப்பாளியும் ஆரஞ்சும் போட்டு அடிச்சு கிளாஸ்ல ஊத்துனாங்க, குடிச்சு முடிச்சதும் மிக்சில மிச்சம் இருந்தத கேக்காமயே அதே கிளாஸ்ல ரொப்பிட்டாங்க. இதுக்குப் பேரு "யாப்பா". நம்ம கொசுறு! அச்சு அசல் நம்ம கொசுறு. கறிவேப்பிலை வாங்கறப்ப கொத்தமல்லி அள்ளிப் போடுற மாதிரி, உருளைக்கெழங்கு வாங்குனா ரெண்டு கூடப் போடுறதும் யாப்பாதான். "யாப்பித்தா, காசெரித்தா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கலாம், தப்பே இல்ல, பேரம் பேசுறதவிட இதத்தான் அவங்க ரசிக்கிறாங்க. பேரமும் உண்டு, ஆனா தி.நகர் ரேஞ்சுக்கு பாதி வெலைக்குக் கேக்காதீங்க, கைல நெய்ஞ்ச துணிக்குலாம் அது அவமானம். பத்துல ஒண்ணோ ரெண்டோ கொறைப்பாங்க. ரெண்டு மூணு சேத்து வாங்குறப்ப கேளுங்க.

ஸ்வெட்டர் வாங்குறவங்களுக்கு மட்டும். அல்பாக்காங்கறது அங்க முடிக்காக வளக்குற, ஒட்டகச் சாதி மிருகம். "பேபி அல்பாக்கா"ன்னா குட்டியோட முடின்னு அர்த்தம் இல்ல, ரொம்ப மெல்லிசான இழைக்கு அந்தப் பேரு. மூட்டை மூட்டையா முப்பது சோலுக்கு (அந்த ஊரு காசு) விக்கிறதுல பெரும்பாலும் சிந்தெடிக்தான் இருக்கும். குளிருக்கு அது போதும்னா தாராளமா வாங்குங்க, அல்பாக்கான்னு ஏமாந்து வாங்காதீங்க.

காசுக்கு வருவோம். அங்க கரன்சி சோல். டாலர் நோட்டு கொண்டு போனா ஓரத்துல கால் இஞ்ச் கிழிஞ்சிருந்தாக்கூட வாங்க மாட்டாங்க, புது நோட்டாப் பாத்து வாங்கிட்டுப் போங்க. சில்லறைக்கு "சென்சியோ"ம்பாங்க, ஊரே அதுக்குத் தவிக்கும், நூறு சோல் நோட்ட நீட்டுனா கடைக்காரம்மா நம்ம ஊரு பஸ் கண்டக்டர் பாக்குற மாதிரியே பாப்பாங்க. டாக்ஸிக்கு மீட்டர் கெடையாது, ஏறுறதுக்கு முந்தியே வெல பேசிடணும், அதுவும் எல்லாருக்குமா இல்ல ஆளுக்கா, சோலா டாலரான்னு சேத்தே பேசிடுங்க. தங்கற எடத்துல இந்த எடத்துக்கு எவ்ளோ குடுக்கலாம்னு கேட்டு வச்சுக்கிட்டா சண்டையே வராது.

போட்டோ விஷயம். ஊருக்கு நடுவுல இருக்கற ப்ளாசா தே ஆர்மாஸ் சதுக்கத்தச் சுத்தி, சான் பிளாஸ் தெருவுல கலர் கலரா பாவாடை கட்டி, கைல ஆட்டுக்குட்டியோ அல்பாக்காவோ வச்சுக்கிட்டு பொம்பளைங்களும் கொழந்தைங்களும் நிப்பாங்க. அது அவங்களுக்கு வேலை. எடுக்கறதுக்கு முன்னாடியே எவ்ளோன்னு பேசிட்டு எடுங்க, எடுத்துட்டு நழுவுறது அசிங்கம். சில்லறைய முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. அதவிட முக்கியம், மார்க்கெட்லயும் கிராமத்துலயும் சும்மா தன் வேலையப் பாத்துக்கிட்டு இருக்கறவங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டாதீங்க. "புவெதோ தொமார் உனா ஃபோத்தோ?" போட்டோ எடுத்துக்கலாமான்னு, இவ்ளோதான். வேணாம்னா வேணாம். நம்ம ஊரு கோயில் வாசல்ல பூ கட்டுற அம்மாவ யாரோ ஒரு வெள்ளக்காரன் வந்து கேக்காம கொள்ளாம போட்டோ எடுத்தா எப்படி இருக்கும், அதேதான்.

சாப்பாடு. மத்தியானம் டூரிஸ்ட் ஓட்டல விட்டுட்டு ரெண்டு தெரு தள்ளிப் போங்க, வாசல்ல கரும்பலகைல "மெனு"ன்னு எழுதியிருக்கும். ஒரு சூப்பு, ஒரு மெயின், ஒரு ஜூஸ், எல்லாம் சேத்து டூரிஸ்ட் கடைல ஒரு சூப்பு குடிக்கிற காசுதான் ஆகும். நம்மளுக்குக் காரம் பத்தலன்னா "ரொகோத்தோ" கேளுங்க, பாக்க குடமொளகா மாதிரி குண்டா அப்பாவியா இருக்கும், கடிச்சா தெரியும். மொளகாயும் உருளைக்கெழங்கும் நம்மகிட்ட வந்ததே இந்தக் கண்டத்துல இருந்துதான், அதனால அங்க ஒரு சாதாரண உருளைக்கெழங்கக் கூட விட்றாதீங்க, உள்ள ஊதா, மஞ்சள்னு எத்தன நெறம். தெருமுனைல வெந்த சோளத்தோட ஒரு துண்டு சீஸ் வச்சுக் குடுப்பாங்க, சோளம் ஒவ்வொண்ணும் நம்ம மொச்சைக்கொட்டை சைஸு, அதுக்குப் பேரு சோக்லோ கோன் கேசோ, சைவக்காரங்களோட உயிர் காக்குற ஐட்டம்.

சைவம்னா ஒரு எச்சரிக்கை. எங்க வீட்டம்மா சைவம், "சின் கார்னே"ன்னு, கறி இல்லாமன்னு, அழகா சொல்லிட்டாங்க. வந்த சூப்புல கீரை, கேரட், கினோவா எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கோழிக்கால், நகத்தோட. பரிமாறுன பொண்ணுக்கு ஒண்ணுமே புரியல, "கார்னே இல்லையே, அது போயோ"ங்குது. அங்க கார்னேன்னா மாட்டுக்கறி மாதிரிதான், கோழி அந்தக் கணக்குலயே வராது. அதனால "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ"ன்னு கறி, கோழி, மீன் மூணையும் தனித்தனியா சொல்லணும், "சின் கால்தோ தே போயோ"ன்னு கோழித்தண்ணியையும் சேத்து சொல்லிடுங்க.

கூய்னு ஒண்ணு வரும், கினிப் பன்னி, முழுசா பல்லோட வறுத்து வைப்பாங்க. சாப்புடணும்னு கட்டாயம் இல்ல, ஆனா "ச்சீ எலியா"ன்னு மூக்கப் பொத்தி வீடியோ போடாதீங்க. அது அவங்க விருந்துச் சாப்பாடு. குஸ்கோ கதீட்ரலுக்குள்ள இயேசுவோட கடைசி விருந்து ஓவியம் ஒண்ணு இருக்கு, மார்கோஸ் சபாத்தா வரைஞ்சது, மேசை நடுவுல தட்டுல வச்சிருக்கறது கூய்னுதான் ஊர்ல எல்லாரும் காட்டுவாங்க. அந்தக் கதீட்ரலுக்குள்ள போட்டோ எடுக்கக் கூடாது.

யாராவது சிச்சா குடிக்கக் கூப்பிட்டா, அது மொளகட்டுன சோளத்துல பண்றது, லேசாப் புளிச்ச கள்ளு மாதிரி, குடிக்கறதுக்கு முன்னாடி தரைல ரெண்டு சொட்டு ஊத்துவாங்க, பாச்சமாமாவுக்கு, பூமித்தாயிக்கு. நீங்களும் ஊத்திட்டுக் குடிங்க. வேணாம்னா வாங்கி ஒரு வாய் ஒதட்டுல வச்சுட்டு குடுத்துடலாம், மூஞ்சச் சுளிக்காம இருந்தாப் போதும். கிராமத்துல ஒரு கம்பு நுனில செவப்பு பிளாஸ்டிக் பை கட்டி வீட்டு வாசல்ல நீட்டிக்கிட்டு இருந்தா அங்க சிச்சா ரெடின்னு அர்த்தம்.

ஊருக்குள்ள வானவில் கொடி எங்கப் பாத்தாலும் பறக்கும், ஏழு வரி, அது குஸ்கோ நகரத்தோட கொடி, வேற எதுன்னும் நெனச்சுக்காதீங்க. ஆதூன் ருமியோக் தெருவுல பன்னெண்டு மூலைக் கல்லு இருக்கு, இன்கா காலத்துச் சுவரு, சாந்தே வைக்காம ஒரு கல்ல இன்னொரு கல்லோட பொருத்தியிருக்கறதப் பாத்தா நம்ம கோயில் சிற்பிங்களே நின்னு பாப்பாங்க. தொட்றாதீங்க. 2025 பிப்ரவரில ஒருத்தன் அதச் சுத்தியலால அடிச்சு மூளி பண்ணிட்டான், ஊரே கொதிச்சுப் போச்சு, இப்ப கைய நீட்டுனா பக்கத்துல இருக்கறவங்களே அதட்டுவாங்க. கோரிகாஞ்சாவுக்கும் கட்டாயம் போங்க, இன்கா சூரியன் கோயில் மேல ஸ்பானியர்ங்க மடம் கட்டிட்டாங்க, 1950 நிலநடுக்கத்துல மடம் உளுந்துச்சு, அடில இன்கா சுவரு அப்படியே நின்னுச்சு. இத குஸ்கோக்காரங்க சொல்றப்ப அவங்க மூஞ்சியப் பாக்கணும்.

சாக்சைவாமான், பிசாக், ஒயாந்தைதாம்போ, மொராய் இங்க இருக்கற பழைய இன்கா எடங்கள்லாம் போலெத்தோ துரிஸ்திகோங்கற ஒரே டிக்கெட்ல வரும், 16 எடம், பத்து நாள் செல்லும், நான் போனப்ப வெளிநாட்டுக்காரங்களுக்கு 130 சோல். கோரிகாஞ்சா, கதீட்ரல், மராஸ் உப்பளம் இதுல வராது, தனித்தனி டிக்கெட்.

மாச்சு பிச்சு டிக்கெட்டுதான் நம்மாளுங்க அதிகமா அடி வாங்குற எடம். நாள், நேரம், எந்த சர்க்யூட்டு, அதாவது உள்ள எந்த வழில சுத்தணும்னு எல்லாம் டிக்கெட்லயே இருக்கும், மொத்தம் மூணு சர்க்யூட், உள்ள போய் மாத்திக்க முடியாது, வெளிய வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. காலண்டர்ல வர்ற அந்த போட்டோ வேணும்னா ஒண்ணாவது சர்க்யூட்டோ ரெண்டாவதோ எடுக்கணும், ஊருக்குள்ளயும் நடக்கணும் போட்டோவும் வேணும்னா ரெண்டுதான். எனக்கு ஒரு ஏஜென்ட் "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு மூணாவது சர்க்யூட்ட தலைல கட்டிட்டான், கீழப் பக்கமாவே சுத்திட்டு வந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த போட்டோ இன்னிவரைக்கும் எங்கிட்ட இல்ல. அரசாங்க சைட்லயே பல மாசம் முன்னாடி பாத்து வாங்குங்க. பாஸ்போர்ட் ஒரிஜினல் கைல வேணும். உள்ள டாய்லெட் கெடையாது, கேட்டுக்கு வெளியவே போயிட்டு வந்துடுங்க, அப்புறம் நான் சொல்லலன்னு சொல்ல வேணாம். அடிவாரத்து ஊரு அகுவாஸ் கலியெந்தெஸ், அங்க வரைக்கும் ரோடு இல்ல, ஒயாந்தைதாம்போல இருந்து ரயிலு. ரயில்ல பெரிய சூட்கேஸ் ஏத்த மாட்டாங்க, தங்கற எடத்துல வச்சுட்டு சின்னப் பையோட போங்க, எல்லா எடத்துலயும் வச்சுக்குவாங்க.

ஒரு நாள எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. "பாரோ"ன்னு சொன்னா நம்ம பந்த், ரோட்டுல கல்லப் போட்டு தண்டவாளத்துல உக்காந்துடுவாங்க. 2023 ஜனவரில போராட்டத்துனால மாச்சு பிச்சுவையே மூடிட்டாங்க. அந்த மாதிரி நேரத்துல மறியல் நடக்கற எடத்துல போய் நின்னு வாக்குவாதம் பண்றதோ வீடியோ எடுக்கறதோ வேணாம், ரூம்ல இருங்க.

எப்ப போகலாம்? மே முதல் செப்டம்பர் மழை இல்ல, ஆனா ராத்திரி குளிர் எலும்பக் கடிக்கும், ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க. பகல்ல வெயில் சுள்ளுன்னு ஒறைக்கும், குளிருதேன்னு சன்ஸ்கிரீன் போடாம விட்டு மூக்கு தோல் உரிஞ்சு வந்தவன் நான். பிப்ரவரில மாச்சு பிச்சுக்கு நடந்தே போற இன்கா டிரெயில் பாதைய முழுசா மூடிருவாங்க. ஜூன் 24 இன்தி ராய்மி, சூரியனுக்கான விழா, ஜூன் மாசம் பூராவே ப்ளாசால ஆட்டம் பாட்டம்தான், ரூம் வெலையும் அப்படியே ஆடும். சாமி ஊர்வலம் வந்தா தொப்பியக் கழட்டிட்டு ஓரமா நில்லுங்க, நடுவுல குறுக்க போகாதீங்க, இதுலாம் நமக்குச் சொல்லித் தரணுமா என்ன.

பாத்ரூம்ல டிஷ்யூ பேப்பர கோப்பைல போடாதீங்க, பக்கத்துல கூடை இருக்கும், பைப்பு அடைச்சுக்கும். தண்ணி பைப்பு இருக்கான்னு தேடாதீங்க, இருக்காது, ஒரு சின்ன பாட்டில பையிலயே வச்சுக்கோங்க, நான் சொல்றது உங்களுக்குப் புரியும்.

கடைசியா ரெண்டு பேப்பர் வேலை. இந்தியன் பாஸ்போர்ட்ல அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இதுல ஏதாவது விசா ஆறு மாசத்துக்குக் கொறையாம இருந்தா பெருவுக்குத் தனி விசா வேணாம், இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எம்பசி சைட்ட ஒரு தடவ பாத்துக்கோங்க. எல்லோ ஃபீவர் ஊசி பெரும்பாலானவங்க மறந்துடுவாங்க. குஸ்கோவுக்குள்ள போறதுக்கு அது தேவையில்ல, ஆனா பெருல இருந்து திரும்பி இந்தியாவுக்குள்ள வர்றப்ப அந்த மஞ்ச கார்டு காட்டணும், இல்லன்னா தனியா பிடிச்சு வச்சுடலாம். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க, கெளம்புறதுக்குப் பத்து நாளுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். பையக் கட்டுறப்ப கோக்கா டீ பாக்கெட், கோக்கா மிட்டாய், இலை எது இருந்தாலும் ஹோட்டல்லயே விட்டுட்டு வாங்க, நம்ம ஊரு போதைப்பொருள் சட்டத்துல கோக்கா இலையும் வருது. "சும்மா டீத்தூள்தான் சார்"னு கஸ்டம்ஸ்ல சொல்லிப் பாக்காதீங்க.